தன்னைப் பற்றித் தானே சொல்வது தகுமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் 'காமன் ஆப்' என்ற பொது விண்ணப்பத்தை நிரப்புகிறார்கள். அதில் தன்னைப் பற்றி 650 சொற்களுக்கு மிகாமல் ஒரு கட்டுரை எழுத வேண்டும். பாடத்துக்கு வெளியே செய்தவற்றில் பத்து வரை பட்டியலிடலாம். ஒவ்வொன்றையும் 150 எழுத்துகளுக்குள் விவரித்துவிட வேண்டும். சென்னையில் மயிலாப்பூர், அடையாறு பக்கத்து வசதியுள்ள வீடுகளில் இந்தப் பத்து வரிகளை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கவலை ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. 'புரொஃபைல் பில்டிங்' என்ற பெயரில் இதற்கு வழிகாட்டுவதே தனித் தொழிலாகிவிட்டது. எப்படி எழுதினால் தேர்வாளரின் கண்ணில் படும் என்ற கேள்விக்கு அந்தத் தொழிலில் பல விடைகள் உண்டு. அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கும் இன்னொன்றை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. நாலு பேர் முன்னால் தன் பெருமையைத் தானே பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளையை, பதினேழு வயதில் உட்காரவைத்து, முகம் தெரியாத ஒருவர் மறக்க முடியாதபடி உன்னைப் பற்றி எழுது என்கிறோம். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும், அல்லது இரண்டும் பொருந்தும் இடம் ஒன்று இருக்க வேண்டும். அந்த இடம் எது என்பது எழுத்துத் திறமையால் தீராத கேள்வி. அது அறத்தைச் சேர்ந்தது.

தமிழ் மரபு இதை யோசித்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி, சீயகங்கன் என்ற சிற்றரசனின் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் பேசுவதற்கு முன் பாயிரத்தில் ஆசிரியர், மாணாக்கர், நூல் ஆகியவற்றின் இயல்புகளைச் சொல்கிறது. அங்கே தற்புகழ்ச்சிக்கு ஒரு விதி வருகிறது. இதுவரை உலகில் இல்லாத ஒன்றை ஒருவன் உண்டாக்கியிருந்தாலும், பல துறைகளையும் கற்று முடித்திருந்தாலும், தன்னைத் தானே புகழ்வது அவனுக்குத் தகாது. விதி அத்தோடு நின்றிருந்தால் நம் வீட்டுப் பெரியவர்களின் அறிவுரையோடு ஒத்துப்போயிருக்கும். ஆனால் அடுத்த நூற்பா நான்கு விலக்குகளைத் தருகிறது. அரசனின் அவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிராளி தன்னைப் பழிக்கும்போதும் கற்றவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். இவற்றில் முதல் இரண்டும் இன்றைய விண்ணப்பத்துக்கு அப்படியே பொருந்துகின்றன: அதிகாரம் உள்ள இடத்துக்கு எழுதப்படும் ஓலை, தன்னை அறியாதவர் படிக்கப்போவது. விலக்குக்கான காரணமும் அதிலேயே இருக்கிறது. தெரிந்தவர்களிடம் தன் பெருமை பேசுவது அவர்கள் ஏற்கெனவே அறிந்ததன்மேல் கூடுதலாகக் கொஞ்சம் மதிப்பைக் கேட்பது. தெரியாதவரிடம் சொல்வது அவருடைய தீர்ப்புக்கு வேண்டிய செய்தியைத் தருவது. அடக்கம் என்ற பெயரில் அதை மறைத்தால், அவர் தவறாகத் தீர்ப்பளிக்க நாமே காரணமாகிறோம்.

இன்னும் பின்னால் போனால், அறியப்படுவதைத் தன் உரிமையாகவே கேட்ட புலவர்களைப் புறநானூற்றில் பார்க்கலாம். அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பெருஞ்சித்திரனார் பரிசில் நாடிப் போகிறார். அரசன் அவரை நேரில் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்புகிறான். புலவர் அதை ஏற்கவில்லை. தன்னைக் காணாமல் தந்த பொருளை வாங்கிக்கொண்டு போக, தான் வாணிக நோக்குள்ள பரிசிலன் இல்லை என்கிறார். தன் தகுதியை அளந்தறிந்து கொடுத்தால் தினையளவு கொடுத்தாலும் இனிது என்கிறார். கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் இதையே கொடுப்பவனின் பக்கமிருந்து சொல்கிறார். கொடுப்பது எளிது, வருபவரின் தரத்தை அறிவதுதான் கடினம். புலவர்கள் எல்லோரையும் ஒன்றுபோல நோக்குவதை விட்டுவிடு என்பது அவருடைய வேண்டுகோள். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் முறையின் மீது இன்று சொல்லப்படும் குறையும் இதுதான். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். கட்-ஆஃப் சமமாக இருந்தால் பாட வாரியான மதிப்பெண், பிறகு பிறந்த தேதி என்று போய், அதுவும் சமமானால் கணினி வழங்கிய ரேண்டம் எண் முடிவுசெய்கிறது. இந்த முறையில் யாரும் தன்னைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லிக்கொள்ள வேண்டாம். யாரும் யாரையும் அறியவும் வேண்டாம். தன்னைப் பற்றி எழுத வாய்ப்பளிக்கும் விண்ணப்பம், கொள்கை அளவிலாவது, பெருஞ்சித்திரனார் கேட்டதைத் தருவதாகச் சொல்கிறது.

அப்படியானால் சங்கடம் எங்கிருந்து வருகிறது? நம் மரபில் விண்ணப்பம் இரண்டு வகைப்பட்டது என்பதையும், இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம் என்பதையும் கவனித்தால் இது விளங்கும். அரசனிடம் செய்யும் விண்ணப்பத்தில் புலவன் தன் ஆற்றலைச் சொல்கிறான். கடவுளிடம் செய்யும் விண்ணப்பத்தில் அடியவன் தன் குறைகளைச் சொல்கிறான். நாயினும் கடையேன் என்கிறான். வைணவ ஆசாரியர்கள் இப்படித் தன் தாழ்மையைச் சொல்வதற்கு நைச்சியானுசந்தானம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கேட்பவரின் அறிவு. முற்றும் அறிந்தவனிடம் பெருமை சொல்வதில் பொருளில்லை. அறுபத்துமூவரில் ஒருவரான வாயிலார் நாயனார் மயிலாப்பூரிலேயே பிறந்தவர். பெரியபுராணம் காட்டும் அவருடைய தொண்டு முழுவதும் மனத்துக்குள் நடந்தது: நினைவே கோயில், ஞானமே விளக்கு, ஆனந்தமே திருமஞ்சனம், அன்பே அமுது. வெளியே பட்டியலிட அவரிடம் எதுவும் இல்லை, ஆனாலும் பங்குனிப் பெருவிழாவில் மாட வீதிகளைச் சுற்றி வரும் அறுபத்துமூவரில் அவரும் உண்டு. அவரை அறிந்தவனுக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. கல்லூரித் தேர்வாளர் அந்த நிலையில் இல்லை. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களுக்கு நடுவே, ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்களே ஒதுக்க முடிந்த மனிதர் அவர். அவருக்கு எழுதுவது ஓலை. அதைப் பிரார்த்தனை என்று மயங்குவதில்தான் தொல்லை தொடங்குகிறது.

இந்த மயக்கம் விண்ணப்பத்தின் இரு முனைகளிலும் தீங்கு செய்கிறது. எழுதும்போது, தன் உள்ளம் முழுவதையும் திறந்து காட்டினால்தான் இடம் கிடைக்கும் என்று பிள்ளை நம்புகிறது. பாட்டியின் மரணம், வீட்டுச் சண்டை, நோய், அவமானம் என்று ஆறாத காயங்களிலிருந்து 650 சொல் கட்டுரைக்கு எது எடுபடும் என்று பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். அரசனுக்கு எழுதிய ஓலையில் புலவன் வறுமையைச் சொன்னதுண்டு. ஆனால் பரிசில் கேட்டது தன் புலமைக்கு. தன்னுடைய எந்தப் பகுதி அந்தக் கல்லூரிக்குத் தெரிய வேண்டியது, எது தனக்கே உரியது என்று பிரித்து வைத்துக்கொள்ளும் உரிமை விண்ணப்பிப்பவருக்கு உண்டு. முடிவு வரும்போதும் இதே மயக்கம்தான். இடம் கிடைக்கவில்லை என்ற மின்னஞ்சலை, நீ யார் என்பதன் மீதான தீர்ப்பாகப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் கல்லூரி சொன்னது, இத்தனை இடங்களில் இந்த ஆண்டு உனக்கு இடமில்லை என்பதை மட்டும். பரிசில் மறுக்கப்பட்ட புலவன் தன் புலமையையே சந்தேகித்ததாக எந்தப் பாட்டும் இல்லை. புறநானூற்றில் அவன் கோபித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறான்.

தன்னைச் சொல்வது தகும் என்று ஏற்றுக்கொண்டாலும், எதைச் சொல்வதற்காக எதைச் செய்கிறோம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து அறத்தை விலைக்கு விற்கும் வணிகன் ஆய் இல்லை என்கிறார். சான்றோர் போன வழி என்பதால் அவன் கொடுத்தான். மறுமைக்காகக் கொடுப்பதையே வணிகம் என்று ஒதுக்கிய மரபு, ஜனவரி மாத விண்ணப்பக் கெடுவுக்காகக் கொடுப்பதை எப்படி மதிக்கும்? சாந்தோமில் வாசிக்கப்படும் மலைப்பொழிவு, வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது என்கிறது. வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிட நல்லது என்று குர்ஆன் இரண்டையும் படிநிலையாக வைக்கிறது. பலனில் பற்றில்லாத செயலைக் கீதை சொல்கிறது. வேறு எதிலெல்லாம் வேறுபட்டாலும், அறச்செயலைக் காட்சிக்கு வைப்பதில் ஏதோ குறைகிறது என்பதில் இவை ஒரே பக்கம் நிற்கின்றன. நன்னூல் தரும் அனுமதியும் ஏற்கெனவே இருக்கும் ஆற்றலைச் சொல்வதற்குத்தான். ஓலை எழுதுவதற்காகவே ஒரு வாழ்க்கையைத் தயாரிப்பது அந்த விலக்குக்குள் வராது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெசன்ட் நகரின் ஊரூர் ஆல்காட் குப்பம் போன்ற ஓர் இடத்தில், விண்ணப்பத்தில் எழுதுவதற்காகவே ஒரு மாணவி மாலை வகுப்பு எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய நோக்கம் எதுவானாலும், படிக்கும் குழந்தைக்குக் கணக்கு வருகிறது. மேலும், தூய நோக்கத்தோடு தொடங்குபவர்கள் எத்தனை பேர்? நல்லதைச் செய்யப் பழகிப் பழகித்தான் மனிதன் நல்லவனாகிறான் என்று அரிஸ்டாட்டிலும் சொல்லியிருக்கிறார். இந்த மறுப்பில் பாதியை ஏற்க வேண்டும். நோக்கம் கலப்பில்லாமல் இருக்க வேண்டும் என்று பதினேழு வயதிடம் எதிர்பார்ப்பது, பெரியவர்கள் தாங்களே கடைப்பிடிக்காத விதியைப் பிள்ளைகள் மேல் சுமத்துவது. ஆனால் பழக்கம் குணமாக வேண்டுமானால் அது தொடர வேண்டும். விண்ணப்பத்துக்காகச் செய்ததன் இயல்பே, விண்ணப்பம் போனதும் நின்றுவிடுவது. ஜனவரியில் வகுப்பு நின்றால் அந்தக் குழந்தைக்குப் பாதிக் கணக்குத்தான் வந்திருக்கும். தான் எதற்குப் பயன்பட்டோம் என்பதும் அதற்குப் புரிந்திருக்கும். ஆகவே நோக்கத்தைத் தோண்டிப் பார்ப்பதைவிட எளிய சோதனை ஒன்று இருக்கிறது: இடம் கிடைத்த பிறகும், கிடைக்காத பிறகும் இதைச் செய்வாயா? ஆம் என்று சொல்லக்கூடியதை எழுதுவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. எல்லோரும் மிகைப்படுத்தும்போது உள்ளதை மட்டும் எழுதுபவர் எப்படித் தனித்துத் தெரிவார்? இந்த நகரத்திலிருந்து போன மிகப் புகழ்பெற்ற விண்ணப்பம் இதற்கு விடை தருகிறது. 1913 ஜனவரி 16 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவிலிருந்து சீனிவாச ராமானுஜன் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு இருபது பவுண்டு சம்பளத்தில் குமாஸ்தா, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று தன் நிலையை மறைக்காமல் சொன்னார். கல்லூரியில் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வைத் தாண்ட முடியாமல் போனவர் அவர். பட்டியலிடப் பதக்கம் எதுவும் இல்லை. அந்தக் கடிதத்தின் கனம் முழுவதும் அதோடு இணைத்த பக்கங்களில் இருந்தது. நூறுக்கும் மேற்பட்ட தேற்றங்கள், பெரும்பாலும் நிறுவல் இல்லாமல். தன் கண்டுபிடிப்புகளைப் பற்றித் துணிச்சலாகவே அவர் பேசினார், ஆனால் படிப்பவர் தானே சோதித்துப் பார்க்கக்கூடியதை அந்தப் பேச்சின் பக்கத்திலேயே வைத்தார். இவை உண்மையாக இல்லாவிட்டால் இவற்றைப் பொய்யாகக் கற்பனை செய்யும் திறன் யாருக்கும் இருக்க முடியாது என்ற முடிவுக்கு ஹார்டி வந்தது அந்தப் பக்கங்களால். ஓர் அடையாற்று மாணவர் ராமானுஜன் ஆக வேண்டியதில்லை. எழுதிய நிரல், வரைந்த படம், நான்கு ஆண்டுகள் குறித்துவைத்த பறவைப் பட்டியல் என்று செய்ததையே முன்னால் வைத்தால், 'ஆர்வம்', 'தலைமைப் பண்பு' என்ற சொற்களை அவர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மிகையின் சிக்கலே எல்லா மிகையும் ஒன்றுபோல இருப்பதுதான். கணினியிடம் கேட்டாலே வழுக்கிக்கொண்டு வரும் கட்டுரை கிடைக்கும் காலத்தில் இது இன்னும் உண்மை.

ஆனால் அதே கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் ராமானுஜனை வைத்து நாம் செய்வது வெறும் ஊக்க உரையாகிவிடும். ஹார்டிக்கு முன்பே கேம்பிரிட்ஜின் எச்.எஃப். பேக்கர், ஈ.டபிள்யூ. ஹாப்சன் என்ற இரு கணித அறிஞர்களுக்கும் அவர் எழுதினார்; உதவி கிடைக்கவில்லை. எழுதியவர் ஒருவரேதான், படித்தவர்கள்தான் வேறு. கொடுப்பது எளிது, தரம் அறிவது கடினம் என்று கபிலர் காரியிடம் சொன்னது இதைத்தான். தனித்துத் தெரிவது எப்படி என்று மாணவர்களுக்கு மட்டும் பாடம் எடுப்பது, பாதிப் பொறுப்பை முழுப் பொறுப்பாக்கி அவர்கள் தலையில் வைப்பது. மறுபாதி படிப்பவருடையது, அவர்களுடைய வரலாறு அவ்வளவு பெருமைக்குரியதாக இல்லை. 1920களில் ஹார்வர்டில் யூத மாணவர்களின் பங்கு ஐந்தில் ஒன்றைத் தாண்டியபோது, அதைக் குறைக்க விரும்பிய நிர்வாகம் மதிப்பெண்ணுக்கு அப்பால் 'குணநலனை' மதிப்பிடும் முறைக்கு நகர்ந்தது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றிலும் இது நடந்த விதத்தை ஜெரோம் காராபெல் 2005இல் வெளியான 'தி சோசன்' என்ற நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். முழு மனிதரையும் பார்க்கிறோம் என்ற அழகான கொள்கை, சிலரைப் பார்க்காமலிருக்கும் கருவியாகத்தான் அங்கே பிறந்தது. 2019இல் அமெரிக்காவில் வெளிப்பட்ட சேர்க்கை ஊழலில், விளையாடவே விளையாடாத பணக்காரப் பிள்ளைகள் விளையாட்டு வீரர்களாகச் சித்திரிக்கப்பட்டு இடம் பெற்றிருந்தார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு இங்கே ஒரு காலத்தில் நேர்காணல் இருந்தது. அதற்கு 75 மதிப்பெண். விளையாட்டு, என்.சி.சி., பாடத்துக்கு வெளியான சேவை, உடல் திறன், பொதுத் திறன், நாட்டம் ஆகியவற்றைப் பார்த்து அதை வழங்க வேண்டும். அமெரிக்க விண்ணப்பம் இன்று கேட்பவைதான் ஏறக்குறைய இவையும். தலைப்பு வாரியாக மதிப்பிடாமல் மொத்தமாக ஒரு மதிப்பெண்ணை இட்டுவிட்டார்கள் என்பதை 1970இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2007-08இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வையே நீக்கிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் அடிப்படையாக்கிய மாநிலத்தை, திறமையைப் பார்க்கத் தெரியாத மாநிலம் என்று சிலர் கேலி செய்கிறார்கள். எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதித் திருத்த ஆளில்லை, பயிற்சி நிலையத்துக்குக் கட்டப் பணமில்லை, நேர்காணல் அறையில் அமர்ந்திருப்பவர்கள் அவருடைய உலகத்தைச் சேர்ந்தவர்களும் இல்லை. அளப்பவரின் நேர்மையில் நம்பிக்கை இல்லாத இடத்தில், எல்லோரையும் ஒன்றுபோல நோக்குவதும் ஒரு நீதிதான். கபிலரின் வேண்டுகோள் காரியைப் போன்ற, தரம் அறியும் ஆற்றலும் மனமும் உள்ள கொடையாளியிடம் வைக்கப்பட்டது. அப்படிப்பட்டவன் இல்லாதபோது ரேண்டம் எண்ணே மேல் என்று ஒரு சமூகம் முடிவெடுத்தால், அதன் பின்னால் நியாயமான அச்சம் இருக்கிறது.

ஆயினும் அச்சம் நிரந்தரக் கொள்கையாக இருக்க முடியாது. மதிப்பெண்ணும் வசதியைப் பொறுத்தே வருகிறது. அறியப்பட வேண்டும் என்ற பெருஞ்சித்திரனாரின் ஏக்கம் ஏழைப் பிள்ளைக்குத்தான் அதிகம் பொருந்தும். வேலைக்குப் போய்க்கொண்டே வாங்கிய 85 சதவீதமும் தனிப் பயிற்சியோடு வாங்கிய 95 சதவீதமும் எண்ணாக மட்டும் பார்க்கப்படும்போது தோற்பது அந்தப் பிள்ளை. நம் நிறுவனங்களும் மெல்ல இந்தத் திசையில் நகர்கின்றன. சென்னை ஐஐடி 2024-25இல் விளையாட்டில் சிறந்தவர்களுக்கும், அடுத்த ஆண்டு நுண்கலையில் சிறந்தவர்களுக்கும் கூடுதல் இடங்களை ஒதுக்கியது. ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும் என்ற வரம்போடு, பெற்ற விருதுகளையும் பங்கேற்புகளையும் அறிவிக்கப்பட்ட அளவுகோலால் மதிப்பிடுகிறது. முதலில் சமமான ஒரு வாசல், அதன் பிறகு தரம் அறிதல், அந்த அறிதலுக்கும் எல்லோரும் படிக்கக்கூடிய விதி என்ற இந்த வரிசை, கபிலரின் கோரிக்கையையும் 1970 தீர்ப்பின் எச்சரிக்கையையும் ஒருசேர ஏற்கிறது. பாட்டும் பரதமும் கற்பிக்க வசதியுள்ள வீடுகளைத் தாண்டி, பறையும் கரகமும் சிலம்பமும் அந்த அளவுகோலில் எவ்வளவு எடை பெறுகின்றன என்பதை வைத்து நாளை அதையும் மதிப்பிட வேண்டியிருக்கும்.

ஆக, தன்னைப் பற்றித் தானே சொல்வது தகும், சில எல்லைகளோடு. சொல்வது, ஓலை இல்லாவிட்டாலும் செய்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். படிப்பவர் சரிபார்க்கக்கூடிய சான்று பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த இருக்கைக்குத் தேவையானதோடு பேச்சு முடிய வேண்டும். உள்ளத்தின் மற்ற அறைகளுக்குள் நுழைய எந்தக் கல்லூரிக்கும் உரிமையில்லை. இவற்றுக்குள் நின்று எழுதும் பிள்ளை கூச்சப்படவோ, கிடைக்காதபோது தன்னை இழிவாக நினைக்கவோ காரணம் இல்லை. பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி, பத்து வரிகளையும் நிரப்பியே ஆக வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிடுவது. தன்னைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: எதை எப்படி மதிப்பிட்டீர்கள் என்பதை வெளியே சொல்லுங்கள். பதினேழு வயதுப் பிள்ளையிடம் தன் வாழ்க்கையை விளக்கச் சொல்பவர்கள், அதைப் படித்து எடுத்த முடிவை விளக்கக் கடமைப்பட்டவர்கள்.